கூடாரத்தில் நான்கு இரவுகள்

"கூடாரம் அடித்துத் தங்குவதா? அதுவும் அயல்நாட்டில், சமுத்திரக் கரையில், புருஷனும் மனைவியும் தன்னந்தனியாகவா?" என்று நீங்கள் மூக்கின்மேல் விரலை வைப்பது எனக்குத் தெரிகிறது. வையுங்கள், பாதகமில்லை. விரலை எடுக்காமலே என்னோடு கொஞ்ச தூரம் வாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் விக்டோரியா மாநிலம். அதன் தலைநகரான மெல்போர்னிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டர் போனால் டார்க்கி என்ற கடற்கரை ஊர். அங்கே ஆரம்பமாகிறது 'கிரேட் ஓஷன் ரோடு'. அலன்ஸ்ஃபோர்டு என்ற ஊர் வரை சுமார் 240 கிலோ மீட்டர், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல் என்று வளைந்து வளைந்து போகிறது. அந்த நாட்டிலும் நம்மைப் போலவே சாலையின் இடப் பக்கம்தான் கார் ஓட்ட வேண்டும். மேற்கே போகும்போது கடலும் இடப் பக்கமே. ஆகவே, காரோட்டும் கணவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அமர்ந்த மனைவிக்குக் கடல் முழுவதும் சொந்தம். பெண்களுக்கு இவ்வளவு அநுகூலமான சாலையை நான் வேறெங்கும் கண்டதில்லை!

நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம். ஒரு கூடாரம், இரண்டு தூங்கும் பைகள், ஒரு சிறு காஸ் அடுப்பு. அரிசி, பருப்பு, புளி, அப்பளம் எல்லாம் மெல்போர்னிலுள்ள இந்திய மளிகைக் கடைகளிலேயே அகப்படுகின்றன.

"குளிக்க, துவைக்க என்ன செய்வது?" என்றுதானே அடுத்தபடி கேட்பீர்கள்? வழியில் லார்ன், அப்பலோ பே, போர்ட் காம்ப்பெல் முதலிய ஊர்களில் 'காரவான் பார்க்' என்ற தங்குமிடங்கள் இருக்கின்றன. வாடகை கொடுத்தால் கூடாரம் அடிக்க நம்பர் போட்ட மனை ஒன்று தருவார்கள். வெந்நீர் ஸ்நான அறை, துணி துவைக்கும் யந்திரம், எல்லோருக்கும் பொதுவான சமையல் கூடம் எல்லாம் உண்டு. அந்தச் சமையல் கூடத்தில் ரசம் கொதித்தால் பக்கத்துக் கூடாரத்து அம்மாள் எட்டிப் பார்க்காமல் இருப்பாளா? ஒரு கிண்ணம் கொடுத்தால் போதும், சிநேகிதம் ஆகிவிடும்.

இந்தச் சாலைக்கு ஒரு கதை உண்டு. முதல் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை வேண்டியிருந்தது. மடிந்த தோழர்களுக்கு ஒரு ஞாபகச் சின்னமும் வேண்டியிருந்தது. இரண்டுக்குமாகச் சேர்த்து இந்தச் சாலையைப் போடத் தீர்மானித்தார்கள். 1919-ல் ஆரம்பித்து 1932 வரை, சுமார் 3,000 பேர், மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு மலையைக் குடைந்தார்கள். அவர்களும் கூடாரங்களில்தான் வசித்தார்கள். 1924-ல் 'காசினோ' என்ற கப்பல் பாறையில் மோதி, பாரம் குறைக்க 500 பீப்பாய் பீரைக் கடலில் தள்ளியதாம். அப்புறம் இரண்டு வாரம் சாலை வேலை நடக்கவில்லை. காரணத்தை நான் சொல்ல வேண்டுமா?

இந்த வேலைக்காக ஓயாமல் பாடுபட்டவர் ஜீலாங் நகர மேயராக இருந்த ஹோவர்டு ஹிட்ச்காக். 1932 நவம்பரில் சாலை முழுதும் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. சில மாதங்களுக்கு முன்னால்தான் காலமாகியிருந்தார். ஊர்வலத்தில் கவர்னரின் காருக்குப் பின்னால் ஹிட்ச்காக்கின் காரை ஓட்டிச் சென்றார்களாம். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்திலுள்ள நினைவு வளைவின் கீழ் போகும்போது, என் கணவர் ஒன்றும் சொல்லாமல் காரின் வேகத்தைக் குறைத்தார்.

இனிக் கடலின் கதைக்கு வருவோம். ஆட்வே முனையில் 1848 முதல் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. இந்த முனைக்கும் எதிரே உள்ள கிங் தீவுக்கும் நடுவே கப்பலைக் கொண்டுபோவதை மாலுமிகள் 'ஊசியில் நூல் கோப்பது' என்பார்களாம். நூல் தவறிய கப்பல்கள் அநேகம். அவற்றில் ஒன்று 'லாக் ஆர்டு'. மூன்று மாதம் பிரயாணம் செய்து மெல்போர்னை நெருங்கிய வேளையில், 1878 ஜூன் 1-ந் தேதி பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்தவர் 54 பேர், பிழைத்தவர் இருவரே. ஒருவன் டாம் பியர்ஸ் என்ற இளம் மாலுமி. மற்றவள் ஈவா கார்மைக்கேல் என்ற பெண். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. முதலில் கரை சேர்ந்த டாம், அவளுடைய கூக்குரலைக் கேட்டு மறுபடியும் கடலில் குதித்து அவளை இழுத்து வந்தான். ஒரு குகையில் படுக்க வைத்து, கரை ஒதுங்கிய பிராந்தியை மருந்தாகக் கொடுத்துவிட்டு, செங்குத்தான பாறையில் ஏறி உதவி தேடிப் போனான்.

அப்புறம் என்ன? "இவர்களுக்குக் கல்யாணம் நடந்தே தீர வேண்டும்" என்று ஊரார் முடிவு கட்டிவிட்டார்கள்! தாய், தந்தை, கூடப் பிறந்தவர்கள் என்று பலரை ஒரே நாளில் கடலுக்குக் கொடுத்தவளிடம் கல்யாணப் பேச்சு! ஈவா சில மாதங்களில் அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டாள். நன்றி வேறு, கல்யாணம் வேறு என்பது அந்தச் சிறு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குகையருகே நின்றபோது டாமின் தைரியத்தை நினைத்து வியந்தேன். ஈவாவின் தைரியத்தை நினைத்தபோதோ கண் கலங்கியது.

அன்று இரவு போர்ட் காம்ப்பெல்லில் பலத்த காற்று. கூடாரம் படபடவென்று அடித்துக்கொண்டது. "பயமாயிருக்கிறதா?" என்று கேட்டார் கணவர். "உங்களுக்கு?" என்றேன். "கொஞ்சம்" என்றார். "அப்படியானால் எனக்கும் கொஞ்சந்தான்" என்றேன். இருவரும் எழுந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு முளைகளை இன்னும் ஆழமாக அடித்தோம். வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்துவிடலாம். எட்டடிக் கூடாரத்தில் அது நடக்காது. அதுதான் கூடாரத்தின் மகிமை.

மறுநாள் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்ற சுண்ணாம்புப் பாறைத் தூண்களைப் பார்த்தோம். பெயர்தான் பன்னிரண்டு, பெயர் வைத்தபோதே அத்தனை இல்லை. 2005 ஜூலையில் ஒரு தூண் சில விநாடிகளில் இடிந்து விழுந்தது. அருகே 'லண்டன் பிரிட்ஜ்' என்ற பாறைப் பாலம் 1990 ஜனவரியில் நடுவே முறிந்து, அக்கரையில் நின்ற இருவரை ஹெலிகாப்டர் அனுப்பி மீட்க வேண்டியதாயிற்று. பாறையைச் செதுக்கியதும் கடல். அதைக் கரைப்பதும் கடல்தான். ஆகையால் வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இப்பாலேயே நில்லுங்கள்.

நீங்கள் போவதானால் இன்னும் சில எச்சரிக்கைகள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டும் கடலில் இறங்குங்கள். அந்தி வேளையில் கங்காருக்கள் சாலையில் குதிக்கும். இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. தீத் தடை அறிவித்த நாளில் திறந்த வெளியில் அடுப்பு மூட்டக் கூடாது. 2015-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று வை ரிவர் பக்கத்தில் காட்டுத் தீ நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

ஆட்வே காட்டில் யூகலிப்டஸ் மரக் கிளைகளை அண்ணாந்து பார்க்கவும் மறக்காதீர்கள். கோவாலா தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்கூட அது தூங்குமாம். வீட்டு வேலை செய்யும் நமக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்!

இப்போதாவது மூக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டீர்களா? சரி, அதே விரலால் தேசப் படத்தில் டார்க்கியைத் தொட்டுக் காட்டி, இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரரிடம் மெதுவாகப் பேச்சை ஆரம்பியுங்கள்.