சுங்கைப் பட்டாணி: மணிக்கூண்டும் மார்வலியும்

பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகும் கொம்யூட்டர் ரயில் மூடா ஆற்றைத் தாண்டியதும் கெடா மண் தொடங்கிவிடும். இடப்பக்கம் குனோங் ஜெராய் மலை தலைகாட்டும். நம் முன்னோர் கடாரம் என்றழைத்த பூமி இது. பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுங்கைப் பட்டாணிதான் வாசல். ஜாலான் இப்ராஹிமில் 1936இல் எழுந்த மணிக்கூண்டைச் சுற்றி ஊர் இன்றும் பரபரப்பாகவே இருக்கிறது.

ஊரை விட்டுச் சற்று வெளியே போனால் வேறொரு வரலாறு. ஹார்வர்ட், ஸ்கார்புரோ, பட்டாணி பாரா என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் வாழ்கின்றன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் மரமாக நடந்து பால் எடுத்தவர்களின் பிள்ளைகள் இப்போது தாமான் வீடுகளில் குடியிருக்கிறார்கள். பலருக்குப் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. லயங்கள் இருந்த இடங்களில் செம்பனை நிற்கிறது.

மாலையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் காதில் விழும் பேச்சு நமக்குப் பழக்கமானதுதான். "ராத்திரி நெஞ்சுல காத்துப் பிடிச்சிருக்குன்னாரு. கோடாலித் தைலம் தேய்ச்சிட்டுப் படுத்தாரு. காலையில எழுந்திருக்கல. ஐம்பத்திரண்டு வயசுதான்."

"எல்லாம் இப்போதைய சாப்பாடு" என்பார் ஒருவர். "நம்ம ரத்தத்திலேயே இருக்கு" என்பார் இன்னொருவர். இருவருக்குமே மருத்துவ ஆய்வுகளில் பதில் இருக்கிறது.

முதலில் சாப்பாட்டுக் கதை. விரைவு உணவுக் கடைகள் இங்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, 1959இல், ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1950களின் முற்பகுதியில் சிங்கப்பூரில் நடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை அது ஆராய்ந்தது. இதய ரத்தக்குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் பல மடங்கு அதிகம் என்று கண்டது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டி. ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீனானவர். அங்குள்ள மருத்துவ நூலகம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

2006இல் தொடங்கிய தேசிய இதய நோய்ப் பதிவேடும் அதே திசையைக் காட்டியது. மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களில், மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிட நம்மவரின் பங்கு மிக அதிகம். அவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்களும் மற்ற இனத்தாரைவிட அதிகம்.

அப்படியானால் ரத்தத்தில்தான் இருக்கிறதா? கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக 2007இல் வந்த கட்டுரை, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 வயதிலும் வருவதாகச் சொன்னது. அந்த ஆறு வருடத்துக்குப் பெரும்பகுதி காரணம் புகை, கொழுப்பு, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, தொப்பை, உடலசைவின்மை போன்றவை நம்மிடம் இளவயதிலேயே குடியேறுவதுதான். பரம்பரைக்கும் பங்குண்டு; ஆனால் இந்தப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் மாற்றக்கூடியவை. நாற்பதைத் தொடுமுன்பே பக்கத்துக் கிளினிக்கில் சர்க்கரையும் கொதிப்பும் கொழுப்பும் பார்த்துக்கொண்டால் அந்த ஆறு வருடத்தைத் திரும்ப வாங்கலாம்.

வலி வந்துவிட்டால்? 1988இல் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வில் மாரடைப்புச் சந்தேகத்தோடு வந்த 17,187 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஆஸ்பிரினும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் நூற்றுக்கு 13 பேர் இறந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் அது 8ஆகக் குறைந்தது. எவ்வளவு சீக்கிரம் மருந்து ஏறுகிறதோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். முதல் சில மணி நேரம் பொன்னானது.

சுங்கைப் பட்டாணியில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பண்டார் அமான்ஜெயாவில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை இருக்கிறது. சிறிது தூரத்தில், செமலிங்கில், நம் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். தொலைவு சாலையில் மட்டும் இல்லை. "விடியட்டும் பார்ப்போம்" என்று படுத்துக்கொள்ளும் நேரமும் தொலைவுதான்.

நெஞ்சு நடுவே அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல். இவை வந்தால் தைலத்தைத் தேடாமல் 999ஐ அழைக்க வேண்டும். நோயாளி தானே காரோட்டிப் போகக் கூடாது. பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரலாம் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடுத்த முறை கடாரம் பார்க்க வரும்போது பூஜாங் பள்ளத்தாக்கில் காரை நிறுத்திவிட்டு, புக்கிட் பத்து பகாட் சண்டி வரை நடந்து ஏறிப் பாருங்கள். ஏறும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால், ஊர் திரும்பியதும் முதல் வேலை டாக்டரைப் பார்ப்பதுதான்.