யானைமலையில் இருக்கும் எழுத்து

ஒத்தக்கடை,
மதுரை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

போன வாரம் போனில், "திங்கள்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் வித்தியாசமே தெரியலைக்கா" என்று சொன்னாய். வேலை, சம்பளம், வீட்டுக் கடன் எல்லாம் ஒழுங்காகப் போகிறது, மனசு மட்டும் எதிலும் ஒட்டமாட்டேன் என்கிறது என்றாய். அதற்குள் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டதால் பேச்சு நின்றுபோனது. அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

ஊட்டிக்கோ மூணாறுக்கோ போய்வா என்று நான் சொல்லப்போவதில்லை. திரும்பி வந்த மறுநாள் அதே மேசை, அதே கோப்புதான். உனக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்றைப் படிக்க ஆரம்பி. அது சுலபமாக வராததாக இருந்தால் இன்னும் நல்லது.

நான் அப்படி ஆரம்பித்ததைச் சொல்கிறேன். நாம் பிறந்ததிலிருந்து யானைமலையைப் பார்க்கிறோம். அதன் உச்சியில் ஒரு குகைத்தளம், சமண முனிவர்களின் கற்படுக்கைகள், குகையின் நெற்றியில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எழுத்து, தமிழ் பிராமி என்கிற தமிழி. பள்ளியில் இதை யாரும் நமக்குச் சொன்னதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலரோடு ஏறிப்போய்ப் பார்த்தேன். அந்தக் கல்லிலும் இந்த மலைக்கு இவகுன்றம் என்றுதான் பெயர். யானைக்குன்றம் என்று பொருள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, தம்பி.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் டிவி போடுவதில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தமிழி எழுதிப் பழகுகிறேன். 'க' ஒரு கூட்டல் குறி. 'ந' தலைகீழாக நிறுத்திய ஆங்கில 'டி'. தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன நான்குக்கும் தனி வடிவம் உண்டு. அந்தப் பழைய கல்வெட்டுகளில் புள்ளி கிடையாது. மெய்யா, உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வரிக்கே அரை நாள் ஓடிவிடும். அப்படிப் போகிற அரை நாள் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

நம் மதுரைப் பக்கமே மாங்குளம் மலையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டுகளை ராபர்ட் சுவெல் 1882-இல் கண்டுபிடித்தார். அவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924-இல். இடையில் நாற்பது ஆண்டுக்கு மேல்! எழுத்து கண்ணெதிரில் இருந்தும் என்ன மொழி என்று தெளியவில்லை.

இந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனைப் பற்றி நீ படிக்க வேண்டும். அவர் படித்தது வேதியியலும் சட்டமும், பார்த்தது ஐ.ஏ.எஸ். வேலை. உன் வேலையைவிட அதில் நெருக்கடி குறைவாக இருந்திருக்குமா? அந்த வேலையில் இருந்துகொண்டேதான் 1965-இல், கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டான் மலைக் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேர அரசர்களின் பெயர்களைப் படித்தார். சங்கப் பாடல்களில் வரும் சேரர் மரபுக்குக் கல்லில் சான்று கிடைத்தது. பிறகு சிந்து சமவெளி எழுத்துக்குப் போய், 1977-இல் அதற்கு ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். தினமணிக்கு ஆசிரியராக இருந்தார். அறுபது வயதைத் தாண்டி மறுபடியும் அதே குகைகளுக்கு ஏறி, ஒவ்வொரு எழுத்தையும் புதிதாகச் சரிபார்த்தார். தமிழிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003-இல் வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வு கிடைக்கட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பழக்கங்களை எல்லாம் விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். விடிகாலைப் பாலும், ஏழரை மணி பஸ்ஸும் எனக்கு இன்றைக்கும் மாறவில்லை. அவை தானாக நடப்பதால்தான் மனசு வேறொன்றை நினைக்க முடிகிறது. வாரத்தில் ஒரு வேளையை மட்டும் பழக்கத்திடமிருந்து பிடுங்கிக்கொள். அந்த நேரத்தில் கைபேசியைத் தொடாதே. உன்னைவிட இளையவர்களிடம் போய், "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று கேள். நாற்பது வயதுக்கு மேல் நமக்குக் கடினமாக இருப்பது இந்தக் கேள்விதான். அலுவலகத்தில் எல்லாம் தெரிந்தவனாகவே இருந்து பழகிவிட்டாய். அந்தச் சலிப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்வெட்டுதான் வேண்டும் என்றில்லை. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்பாவிடம் அடி வாங்கினாயே, அதையேகூடத் திரும்ப எடு. எதுவானாலும் இந்த மாதமே தொடங்கு.

தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி வா. பெரியவளையும் கூட்டிக்கொண்டு வா. மாங்குளம் மலைக்கு வெயிலுக்கு முன்பே ஏற வேண்டும், நல்ல செருப்பு போட்டுக்கொள். அங்கே கல்லில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் எங்கே இருக்கிறது என்று நான் காட்டமாட்டேன், நீயே எழுத்துக் கூட்டிப் படி. எழுத்து அட்டவணை ஒன்றை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். வருவதற்குள் மனப்பாடம் செய்துவிடு.

அன்புடன்,
அக்கா