சுருக்கத்தில் நேர்மை

ஓர் ஆய்வை முடிக்க மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஆனால், அந்த ஆய்வு அனைத்துலக மாநாட்டின் மேடை ஏறுமா என்பதைப் பெரும்பாலும் 250 அல்லது 300 சொற்களே முடிவு செய்கின்றன. அச்சொற்களின் தொகுப்பே ஆய்வுச் சுருக்கம். மாநாட்டுக் குழுவினர் முதலில் கேட்பதும் படிப்பதும் இதைத்தான். மருத்துவம், உளவியல் போன்ற துறைகளில் இச்சுருக்கத்தில் நேரும் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. அதன் விளைவு நோயாளிவரை சென்று சேரும்.

அத்தகைய துறைகளுள் ஒன்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) இதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர். மனச்சோர்வுற்றோரின் மனத்தில் தாமாக எழும் எண்ணங்களை அவர் கூர்ந்து கவனித்தார். ஒரு பாடத்தில் தோற்ற மாணவர், “நான் எதற்கும் உதவாதவன்” என எண்ணலாம். அவ்வெண்ணம் துயரத்தைத் தரும். துயரம் அவரை நண்பர்களிடமிருந்து விலக்கும். தனிமை அந்த எண்ணத்தையே மேலும் உறுதியாக்கும். அவ்வெண்ணத்திற்குச் சான்று உண்டா என்று சிகிச்சையாளர் அவரோடு சேர்ந்து ஆராய்கிறார். சிறு சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்து பார்க்கத் தூண்டுகிறார். இத்துறைக்கான உலக மாநாடு 2016இல் மெல்பர்னிலும் 2019இல் பெர்லினிலும் 2023இல் சியோலிலும் நடைபெற்றது.

மனநலப் பணிக்கு ஜொகூரிலும் நீண்ட வரலாறு உண்டு. தம்போயில் அமைந்துள்ள பெர்மாய் மருத்துவமனை 1930களில் தொடங்கியது. இன்று அது நாட்டின் நான்கு அரசு மனநல மருத்துவமனைகளுள் ஒன்று. இம்மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் ஆலோசக ஆசிரியர் ஒருவர் பணியாற்றுவதாகக் கொள்ளலாம். மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ள 30 மாணவர்களுக்கு, இச்சிகிச்சை முறையைத் தழுவிய குழுப் பயிற்சியை எட்டு வாரங்கள் நடத்தி ஆராய அவர் விரும்புகிறார். முதலில் கல்வி அமைச்சின் அனுமதியைப் பெற வேண்டும். அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பெற்றோரும் மாணவரும் இசைய வேண்டும். அதன் பின்னரே பயிற்சி தொடங்கும்.

எட்டு வாரங்கள் முடிந்தபோது 24 பேர் மட்டுமே எஞ்சினர். ஆறு பேர் பாதியில் நின்றுவிட்டனர். எஞ்சியோரின் மனச்சோர்வு மதிப்பெண் சராசரியாகக் குறைந்திருந்தது. சுருக்கத்தை எழுத அமரும் ஆசிரியரின் முன் இப்போது இரண்டு வழிகள் உள்ளன. “இப்பயிற்சி மாணவர்களின் மனச்சோர்வைப் போக்கியது” என எழுதலாம். வாக்கியம் கம்பீரமாக இருக்கும். மதிப்பீட்டாளரின் கண்ணையும் கவரும். அல்லது, “30 பேரில் 24 பேர் பயிற்சியை நிறைவு செய்தனர், அவர்களின் சராசரி மதிப்பெண் குறைந்தது, ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இது பயிற்சியின் விளைவே என உறுதியாகக் கூற இயலாது” என எழுதலாம்.

இரண்டாம் வாக்கியம் ஏன் தேவை? நின்றுவிட்ட அறுவருக்கும் பயிற்சி உதவாமல் போயிருக்கலாம். அவர்களே மற்றவர்களைவிட மிகுந்த துயரத்தில் இருந்திருக்கலாம். அவர்களைச் சுருக்கத்திலிருந்து நீக்கினால், வேறொரு நாட்டில் அதைப் படிக்கும் ஆலோசகர், எல்லாருக்கும் இப்பயிற்சி பயன்படும் என நம்பிவிடுவார். மாநாட்டு நூலில் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுச் செல்வோர் பலர்.

பெக்கும் அவருடைய குழுவினரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனச்சோர்வுற்ற 41 பேரில் 19 பேருக்கு இச்சிகிச்சையும் 22 பேருக்கு இமிப்ரமின் என்னும் மருந்தும் 12 வாரங்கள் அளிக்கப்பட்டன. முதற்பிரிவில் 15 பேரும் இரண்டாம் பிரிவில் ஐந்து பேரும் நன்கு தேறினர் அல்லது முழுமையாகக் குணமடைந்தனர். பாதியில் விலகியோர் முதற்பிரிவில் ஒருவர், இரண்டாம் பிரிவில் எட்டுப் பேர் என்பதையும் அவர்கள் சுருக்கத்திலேயே குறிப்பிட்டனர். இறுதி இரு வாரங்களில் மருந்தைப் படிப்படியாக நிறுத்தியது ஒப்பீட்டைப் பாதித்திருக்கலாம் எனப் பிற ஆய்வாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். 1989இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் மருந்தைவிட இச்சிகிச்சை மேம்பட்டதாகத் தெரியவில்லை. செய்த முறையும் எண்ணிக்கையும் வெளிப்படையாக இருந்ததால்தான் பிறரால் சோதிக்கவும் திருத்தவும் முடிந்தது.

இத்தகைய தெளிவுக்காகவே 1987 முதல் மருத்துவ இதழ்கள் பின்னணி, முறை, முடிவு முதலிய தலைப்புகளின்கீழ் சுருக்கங்களை எழுதச் செய்தன. குளுவாங் ஆசிரியர் கூடுதலாக இன்னொன்றையும் எழுத வேண்டும். அவருடைய மாணவர்கள் எம்மொழியில் பேசினர்? “மனசு பாரமா இருக்கு” என்று தமிழ் மாணவர் சொல்வதும், வினாப்படிவத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா? வினாப்படிவம் மொழிபெயர்க்கப்பட்டதா, அம்மொழிபெயர்ப்பு சோதிக்கப்பட்டதா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரி இல்லையெனில், பெர்லினில் இருக்கும் மதிப்பீட்டாளர் அந்த மதிப்பெண்களை எவ்வாறு நம்புவார்?

சுருக்கி எழுதும் கலை தமிழருக்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளுள் முதலிரண்டாகச் சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் வைக்கிறது. பத்துக் குற்றங்களுள் முதலிரண்டு குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஆகும். ஆறு பேரை மறைப்பது குன்றக் கூறல். “போக்கியது” என முழங்குவது மிகைபடக் கூறல். இலக்கண வகுப்பில் கற்கும் இவ்விரு குற்றங்களும் மனநல ஆய்வில் ஒருவரின் நலத்தையே பாதிக்கக்கூடும்.

சுருக்கம் இணையவழி அனுப்பப்பட்டதும், பல மாநாடுகளில், எழுதியவரின் பெயரை மறைத்தே மதிப்பீட்டாளர்களிடம் அளிப்பர். அவர்கள் அதை உரையாக நிகழ்த்த அழைக்கலாம்; சுவரொட்டியாகக் காட்சிக்கு வைக்கச் சொல்லலாம்; மறுக்கவும் செய்யலாம். மறுக்கப்பட்ட சுருக்கத்தைத் திருத்தி வேறு மாநாட்டிற்கு அனுப்புவது ஆய்வுலகில் இயல்பு. ஆகவே, மறுப்புக்கு அஞ்சி மிகைப்படுத்த வேண்டியதில்லை. அனுப்பும் முன், அத்துறை அறியாத நண்பர் ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, “இதில் என்ன தெரிந்துகொண்டாய்?” எனக் கேட்பது நல்ல வழக்கம். “முப்பது பேரும் குணமாகிவிட்டார்கள் போலிருக்கிறதே” என்று அவர் சொன்னால், அந்தச் சுருக்கத்தை மீண்டும் எழுத வேண்டும்.