ஓதம் ஏறிய வீடு

சென்னையில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும். 2023 மே மாதம் வேளச்சேரியில் நாங்கள் பார்த்த கீழ் வீட்டின் சுவர்களும் அப்போது காய்ந்துதான் இருந்தன. புதுப் பெயின்ட் வாசனை வேறு. வாடகை 11,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். என் கணவருக்கு அச்சகத்தில் வேலை. நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். மாமியாரும் ஆறு வயது மகளும் எங்களோடு.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துப் பகுதி அது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு சரியாகப் போடாத பழைய கட்டடங்களில் செங்கல் தரைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓதம் இடுப்பு உயரம் வரை ஏறிவிடும். வெயில் காலத்தில் பெயின்டுக்கு அடியில் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் பட்டி உப்பிக் கிளம்பும், வெள்ளையாக உப்புப் பூக்கும்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கட்டில் கால் மூழ்கத் தண்ணீர் நின்றது. நனைந்த சுவரையும் சாமானையும் ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது என்பார்கள். மின்சாரமே வராத தெருவில் எதை வைத்துக் காயவைப்பது? அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் புது மெத்தைக்குப் போனது.

பொங்கலுக்குச் சுத்தம் செய்யப் பீரோவை நகர்த்தினோம். பின்சுவர் முழுக்கக் கரும்பச்சையாக, விரல் வைத்தால் வெல்வெட்டைத் தொட்டதுபோல் மெத்தென்று பூஞ்சை. பீரோவுக்குள் இருந்த கணவரின் தோல் பெல்ட்டில் வெள்ளைப் பொடி. என் முகூர்த்தப் புடவை மடிப்பில் பழுப்புப் புள்ளிகள். மகள் தலைவைத்துப் படுக்கும் பக்கம் அந்தச் சுவர்தான்.

அதற்கு முன்பே அவளுக்கு இழுப்பு தொடங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிந்து குழிந்து மீளும். அதைப் பார்த்த தாய்க்குத் தூக்கம் வராது. நெபுலைசர் மாஸ்க்கை அவள் முகத்தில் பிடித்தபடி உட்கார்ந்தே விடிந்த இரவுகள் உண்டு. மாமியாருக்கும் இருமல். வாடை போகட்டும் என்று அவர் சாம்பிராணி போடுவார். அந்தப் புகையில் இரண்டு பேருக்கும் இன்னும் இழுக்கும்.

காசு கரைந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்றவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. கணவரின் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதிலும் சேர முடியாது. டாக்டர் ஃபீஸ், இன்ஹேலர், ஸ்பேசர் எல்லாமே கைக்காசு. சீட்டைத் தள்ளுக்கு எடுத்தோம். என் வளையல்கள் அடகுக்குப் போயின. மகளோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்ததில் தையல் வேலைகள் கைமாறிப் போயின. கணவருக்குச் சம்பளப் பிடித்தம்.

அதுவரை பார்த்த டாக்டர்கள் ஐஸ்க்ரீம் சாப்பிட்டாளா, நாய் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். நுரையீரல் டாக்டர் ஒருவர்தான், “கீழ் வீடாம்மா? சுவத்துல ஓதம் இருக்கா?” என்று கேட்டார். பூஞ்சை உதிர்க்கும் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் மூச்சோடு உள்ளே போகும், இழுப்பு உள்ள குழந்தையின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் தனியாக வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அத்தனை நாள் ஒரு சுவருக்கு நாங்கள் மருந்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஹவுஸ் ஓனரிடம் போய்ச் சொன்னோம். “எல்லா வீட்லயும் இருக்கறதுதான்மா. ஜன்னலைத் திறந்து வைங்க” என்றார். ஜன்னலுக்கு வெளியே முழங்கை தூரத்தில் காம்பவுண்டுச் சுவர். அப்புறம் ஒரு பெயின்டரை அனுப்பினார். அவர் சுவரை நனைக்காமல் அப்படியே சுரண்டினார், வீடெல்லாம் தூசி. அன்று ராத்திரி மகளை அட்மிட் செய்தோம்.

இங்கிலாந்தின் ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் வீட்டுப் பூஞ்சையால் இறந்துபோனான். அவனுடைய அப்பா புகார் செய்தபோது அவருக்குக் கிடைத்த பதிலும் பெயின்ட் அடித்துக்கொள் என்பதுதான். இன்று அங்கே அவன் பெயரில் சட்டம் இருக்கிறது; சமூக வீடுகளில் ஓதப் புகார் வந்தால் வீட்டுக்காரர் இத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமும் கட்டடப் பழுதை உரிமையாளர் பொறுப்பில்தான் வைக்கிறது. ஆனால் சுவர் குழந்தையின் நெஞ்சுக்கு என்ன செய்கிறது என்று அது கேட்பதில்லை. எங்களிடம் இருந்ததோ பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம். “நம்ம பணம் அவர் கையில இருக்கு, வாயைக் குடுக்காத” என்றார் கணவர்.

எங்களைக் கட்டிப்போட்டது அந்த ஒரு லட்சம்தான். வேறு வீட்டுக்குப் போக அட்வான்ஸ் வேண்டும். பழைய அட்வான்ஸ் காலி செய்தால்தான் வரும். இடையில் புரட்ட வேண்டிய பணத்தை மருந்துக் கடை தின்றுகொண்டிருந்தது. நோய் தீர வீட்டை மாற்ற வேண்டும், வீட்டை மாற்ற முடியாமல் அடித்தது அந்த நோயே. ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது. என் அண்ணன் மட்டும் எதுவும் கேட்காமல் கடன் வாங்கிக் கொடுத்தான். மேடவாக்கத்தில் முதல் மாடியில், வெயில் விழும் வீடு கிடைத்தது. வாடகை 15,000. மகளிடம் இன்ஹேலர் இன்னும் இருக்கிறது, ஆனால் ராத்திரியில் தூங்குகிறாள். வளையல்களுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

காலி செய்தபோது பெயின்டிங் காசு என்று ஒரு மாத வாடகையை ஓனர் பிடித்துக்கொண்டார், அந்தச் சுவருக்கும் சேர்த்து.

நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் கைக்குழந்தையோடு வீடு பார்க்க வந்தாள். அப்போது அட்வான்ஸ் இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. இருந்தாலும் அவளைக் கூப்பிட்டு, பீரோ இருந்த இடத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “வாடகை எவ்வளவுக்கா குடுத்தீங்க?” என்றாள். அடுத்த மாதமே குடிவந்துவிட்டார்கள் என்று பக்கத்துப் போர்ஷன் அக்கா சொன்னார். அவர்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதானாம்.