அம்பத்தூரில் ஒரு போரிங் பட்டறை

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது அந்த போரிங் பட்டறை. 1960-களில் தொழிற்பேட்டை வந்தபிறகு, லேத் சத்தம் கேட்காத தெருவே இங்கே குறைவு. பலரும் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து பிழைக்கிறார்கள். இந்தப் பட்டறைக்கார அண்ணன் மட்டும் பைக்கின் சிலிண்டர் பிளாக்கை விட்டு நகரவில்லை.

நான் போனபோது மேசையில் ஆர்எக்ஸ் 100 பிளாக் ஒன்று இருந்தது. 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா வண்டி. இன்றும் ஆவடி, பூந்தமல்லியிலிருந்து பையன்கள் பிளாக்கைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வண்டியின் வயதுகூட இருக்காது அவர்களுக்கு.

"உள்ள விரல வுட்டுப் பாருங்க சார்" என்றார். உட்சுவரில் சன்னல் சன்னலாகத் துளைகள். இந்த டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் ஹெட்டில் வால்வு கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போதே இவற்றைத் திறந்து மூடிவிடும். போர் போட்டு உட்சுவரைக் கடைந்ததும் துளை விளிம்பு பிளேடாகிவிடுகிறது. அப்படியே பூட்டினால் ரிங் மாட்டி உடையும். சின்ன கிரைண்டரால் விளிம்பை லேசாக மழுக்கினார், துடைத்தார், தடவிப் பார்த்தார், திருப்தியில்லாமல் மறுபடி மழுக்கினார். விட்டம் பார்க்க போர் கேஜ் இருக்கிறது, விளிம்புக்கு விரல்தான். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறியும் சைலன்சர் பக்கம் பார்த்தாக வேண்டும்.

"ஃபோர்-ஸ்ட்ரோக் எப்படிண்ணே?"

"அதுக்கு ஆயில் தனியா அடியில நிக்குது. டைமுக்கு மாத்துனா பிளாக்க கழட்டவே வேணாம். எனக்குத்தான் பொழப்பு இல்ல!"

டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. அந்தப் பிக்கப்புக்குத்தான் பையன்கள் உயிரை விடுகிறார்கள். ஆனால் புகை வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோலும் உள்ளே வருகிறது. ஒரு பங்கு எரியாமலே தப்பிப் போகிறது. கூடவே ஆயிலும் எரிவதால்தான் அந்த நீலப்புகை. குமரிக் கரை வள்ளங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளும் இப்படித்தான். எடை குறைவு, கழற்றித் தூக்கிக்கொண்டு கரையேறலாம். எரியாத எண்ணெய் மட்டும் நேரே கடலுக்குள் போகும்.

பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து வாங்கிய டிவிஎஸ் 50 வம்சத்திலேயே 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்துவிட்டது. சரியான முடிவுதான். தினமும் ஆவடியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவர் ஃபோர்-ஸ்ட்ரோக்கைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. பின்னால் வருகிறவரின் நுரையீரலும் கணக்கில் உண்டல்லவா!

ஆசைக்கு ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சீஸ் ஆகி இங்கே வரும் பிளாக்குகளில் அண்ணன் அதிகம் பார்ப்பது, ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு டேங்கில் கண்மதிப்பாக ஊற்றிய வண்டிகளைத்தான். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும், கூடினால் சைலன்சரில் கார்பன் அடைக்கும். பம்ப்பைத் திரும்ப மாட்டுங்கள். முடியாவிட்டால் ஆயிலையாவது அளந்து ஊற்றுங்கள்.