கராச்சியின் பெயர்ப் பலகைகள்

என் தம்பி தரம் எட்டில் கற்கிறான். விடுமுறை வந்துவிட்டால் கணினிதான் அவனுடைய உலகம். சென்ற பெருநாள் விடுமுறையில் 2009இல் வெளிவந்த 'கால் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோஃபெயார் 2' விளையாடிக் கொண்டிருந்தான். சண்டை நடக்கும் இடம் கராச்சி.

பின்னால் நின்று பார்த்த வாப்பா சிரித்தார். சவூதியில் கராச்சிக்காரர்களோடு பல வருடம் ஒரே அறையில் இருந்தவர் அவர். "இதா கராச்சி? போர்டெல்லாம் அரபியில கிடக்கு. அவங்கட மொழி உருதுவெல்லவா?" என்றார்.

தம்பிக்கு அது பெரிய விடயமாகப் படவில்லை. எனக்கோ மனதை உறுத்தியது. கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு நகரத்தின் மொழி எதுவென்று தேடிப் பார்க்கவும் அவர்களுக்குத் தோன்றவில்லையா?

"எதிரி யாரென்று எப்படித் தெரியும்?" என்று தம்பியிடம் கேட்டேன். திரையிலிருந்து கண்ணெடுக்காமலே, "தாடியும் தலப்பாவும் இருந்தா சுடவேணும் ராத்தா" என்றான். முன் விறாந்தையில் தாடியும் தலைப்பாகையுமாக மூத்தவாப்பா தஸ்பீஹ் ஓதிக் கொண்டிருந்தார்.

2019 ஏப்ரல் தாக்குதலின் பின்னர் பல நாட்கள் பஸ்ஸில் உம்மாவின் பக்கத்து ஆசனம் வெறுமையாகவே இருந்தது. சிறுமியாக இருந்த எனக்குக் காரணம் விளங்கவில்லை. அந்தப் பயணிகளின் அச்சத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது உம்மாவை அல்ல, மனதில் பதிந்திருந்த ஓர் உருவத்தை. அத்தகைய உருவங்கள் செய்தியில் மட்டுமன்றி விளையாட்டிலும் உருவாகின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

எல்லா விளையாட்டுகளும் அப்படியல்ல. 2023இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் நடக்கிறது. பாத்திரங்களை அரபு மொழியிலேயே பேச வைத்து விளையாடலாம். அறிஞர்கள் கூடிய பைத்துல் ஹிக்மாவும் அதில் உண்டு. அதன் காட்சிகளைத் தொலைபேசியில் தம்பிக்குக் காட்டினேன். கதாநாயகனின் பெயர் பாசிம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்கட வகுப்பிலயும் ஒரு பாசிம் இரிக்கான் ராத்தா!"

விளையாடாதே என்று நான் அவனைத் தடுப்பதில்லை. பக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்கிறேன். இது எந்த ஊர்? அங்கே என்ன மொழி பேசுவார்கள்? இவனை எதிரியென்று யார் தீர்மானித்தது? பெற்றோர்களும் சற்று நேரம் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து பார்க்கலாம். எங்கள் வாப்பா பார்த்ததால்தான் அந்தப் பலகைகள் என் கண்ணிலும் பட்டன.