உப்பு தின்ற மரை

உவரியில் உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள், சைக்கிள் செயின் எல்லாம் துரு. கப்பல் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டு அலமாரியில் இருந்த பென்டாக்ஸ் கே1000 கேமராவும் தப்பவில்லை. ஒரு காலத்தில் அவர் திருவிழாக் கூட்டத்தைப் படம் எடுத்த கேமரா. அடித்தகட்டில் ஒரு ஸ்குரூவைக் காணோம். இன்னொன்று துருப்பிடித்து, தலைப் பள்ளம் மழுங்கிக் கிடந்தது.

1976 முதல் 1997 வரை தயாரான மாடல் அது. பாட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். அது இல்லாமலே ஷட்டர் அடிக்கும். அதனால் பழுது பார்த்தால் இன்னும் ஓடும். ஆனால் ஸ்குரூவுக்கு எங்கே போவது?

பெரியவர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே ஃபைபர் படகுகளின் எஞ்சினுக்கு வேலை பார்க்கும் ஒருவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். “இப்பவே முறுக்குனா தல அத்துரும் சார். மொதல்ல ஊறணும்.” ஊசி முனையில் துளி எண்ணெய் தொட்டு, ஸ்குரூவின் விளிம்பில் வைத்தார். சொட்டாக விட்டால் உள்ளே இறங்கி ஷட்டரைக் கெடுத்துவிடும். ஊறிய பிறகு, பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்குரூவின் தலையில் வைத்துச் சூடாக்கினார். ஆறியதும் திருப்புளியை அழுத்திப் பிடித்து, கழற்றுவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கினார். “அப்பத்தான் துரு உடையும்” என்றார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஸ்குரூ வழிக்கு வந்தது.

மரையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. எஃகு ஸ்குரூவும் அலுமினிய உடம்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் பாட்டரி போல வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். படகு எஞ்சின்களில் அவர் தினமும் பார்க்கிற நோய்தான் இது. தலை மழுங்கியதற்குக் காரணம் வேறு. ஜப்பான் கேமராக்களின் கூட்டல் குறிப் பள்ளம், நம் கடையில் கிடைக்கும் ஸ்டார் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. நுனி மேலேறி விளிம்பைத் தின்றுவிடும்.

மாற்று ஸ்குரூ தேடித் திசையன்விளைக்குப் போனேன். ஜப்பான் கேமராக்களில் அதிகம் புழங்குவது 1.4, 1.7, 2 மில்லிமீட்டர் ஸ்குரூக்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் 1.4 கிடைத்தது, எங்கள் துளைக்கு அது தொளதொளவென்று இருந்தது. வாட்ச் ஸ்குரூ அதைவிட மெல்லிசு. கடைசியில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒரு செத்துப்போன கேசட் டேப்ரிக்கார்டரைப் பிரித்தார். பிளாஸ்டிக் கூட்டில் இருந்த ஸ்குரூக்களை ஒதுக்கினார். அவை பிளாஸ்டிக்கைக் குடைந்து ஏறுகிற ரகம். உள்ளே தகட்டுப் பகுதியில் இருந்தவற்றை மட்டும் எடுத்தார்.

அவருடைய சோதனை எளிது. “விரலாலயே ரெண்டு சுத்து ஏறணும் அண்ணாச்சி. ஏறலன்னா அது வேற மரை, வம்பு பண்ணாதீங்க.” நீளத்தையும் பழைய ஸ்குரூவோடு ஒட்டிப் பார்த்தார். அதிகம் நீண்டால் உள்ளே பல்சக்கரத்தில் இடிக்கும். 1.7 பொருந்தியது, நுனியை மட்டும் அரத்தால் தேய்த்துக் கொடுத்தார்.

ட்ரைபாட் மாட்டும் துளையும் அரித்திருந்தது. அதற்கு அலையவே வேண்டாம். அது கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. இரும்புக் கடையில் கேட்டு வாங்கிய கால் அங்குல போல்ட்டை எண்ணெய் விட்டு மெதுவாக ஏற்றி இறக்கியதில் அழுக்கெல்லாம் வெளியே வந்தது.

திரும்ப மாட்டும்போது படகு மெக்கானிக் மரையில் கிரீஸைத் துளி தடவச் சொன்னார். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் புகாமல் இருக்க. கேமரா ரிப்பேர் என்று போர்டு மாட்டிய யாரையும் நான் பார்க்கவில்லை. அதே உப்போடும் அதே மரையோடும் வேறு தொழிலில் மல்லுக்கட்டுகிறவர்களிடம்தான் வேலை முடிந்தது. பழைய கேமராவுக்கு உதிரிபாகம் தேடுகிறவர்கள் கேட்க வேண்டியது ‘இந்தக் கேமராவுக்கு ஸ்குரூ இருக்கா’ என்றல்ல. ‘இந்த மரை வேறு எதில் இருக்கிறது’ என்று.